சாமியானவர்மேல் ஒரு பிராது

எங்கள் வட்டத்துக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை. சொந்த மாகாணத்துக்காரனை அங்கேயே அதிகாரியாகப் போடக்கூடாது என்பது பேரரசர் சட்டம். சொந்தபந்தத்துக்குச் சலுகை காட்டுவானாம். சரி, நல்ல சட்டம்தான். ஆனால் தலைநகரில் குடுவைக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்து, எந்த ஊர் விழுந்ததோ அந்த ஊருக்கு மூட்டை கட்டி வருகிற மனிதருக்கு எங்கள் பேச்சும் புரியாது, எங்கள் சாப்பாடும் தெரியாது. வந்த உடனே வரி வாங்குவதும் அவர்தான், வழக்கு விசாரிப்பதும் அவர்தான், பிணத்தைக் குனிந்து பார்ப்பதும் அவர்தான், கிட்டி போடச் சொல்வதும் அவர்தான். சில வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் வழக்குக் கேட்கிற கச்சேரி வாசலுக்கு எதிரே கஞ்சிக்கடை வைத்திருக்கிறேன், எத்தனை பல்லக்கு வந்து போனதைப் பார்த்திருப்பேன்! அவர்கள் செய்தது மட்டும் எங்களோடு கிடக்கும்.

சுவாங் அக்காவோடு கிடந்தது ஒரு பெண்ணின் ஆவி.

அக்கா கச்சேரியின் காவல்காரி. வழக்கில் பெண் சிக்கினால் ஆண்களோடு சிறையில் போட முடியாதே, அதனால் அக்கா வீட்டுப் பின்னறையில்தான் அடைப்பார்கள். அந்த அறைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே சுவர். அக்காவுக்குப் பெரிய வாய், பெரிய கை, வாசலில் எச்சில் துப்புகிற சேவகனைக்கூடக் காதைப் பிடித்துத் திருப்புவாள். கைதிகளைத் திட்டிக்கொண்டே அவர்களுக்குத் தலை வாரிவிடுவாள்.

சியாவ் என்கிற அதிகாரி வடக்கே மலைநாட்டிலிருந்து வந்தார். நல்லவர், லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர். அவர் கட்டிய கடல் அணைதான் இன்றைக்கும் எங்கள் வயலைக் காக்கிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வயிற்றெரிச்சல் இவ்வளவு இருந்திருக்காது.

அவர் காலத்தில்தான் சாய்யுன் என்கிற மீனவப் பெண்ணின் புருஷன் பேத்தை மீனைத் தின்று செத்தான். விஷமுள்ள ஈரலை எடுக்காமல் சாராயத்தோடு தின்கிற திமிர் பிடித்தவன். எங்கள் கரையில் வருடத்துக்கு ஒருவன் இப்படிப் போவான், யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். அவன் அண்ணனுக்குத் தம்பியின் படகுமேல் கண். தம்பி பெண்டாட்டி விஷம் வைத்தாள் என்று பிராது கொடுத்தான். விஷம் இருந்தால் கறுக்கும் என்று பிணத்தின் வாயில் விட்ட வெள்ளி ஊசி கறுத்தது.

விசாரணையை வாசலில் நின்று ஊரே பார்த்தது. மொழிபெயர்ப்பவர் “மீன் தின்று செத்தான் என்கிறாள்” என்றதும் சியாவ் அதிகாரிக்கு முகம் சிவந்தது.

“மீன் மனுஷனைக் கொல்லுமா? என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா?”

நாங்கள் சிரித்துவிட்டோம். பேத்தை மீனைத் தெரியாத ஆளா என்று சிரித்தோம். அவரோ கச்சேரியை அவமதிக்கிறோம் என்று நினைத்தார். யாராவது முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாட்சி சொல்ல வந்தவனை வழக்கு முடிகிறவரை உள்ளே பிடித்து வைப்பது கச்சேரி வழக்கம். மாதக்கணக்கில் ஆகும். யார் போவார்?

கொலை வழக்குக்குக் கெடு உண்டு, தாண்டினால் அதிகாரியின் பதவிக்கே ஆபத்து. விரல்களுக்கு நடுவே குச்சி வைத்து இறுக்குகிற கிட்டியைக் கொண்டுவரச் சொன்னார். முதல் நாள் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை அக்கா அவள் கையை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேசியது சுவர் வழியே எனக்குக் கேட்டது.

“அடியே, ஆமான்னு சொல்லித் தொலை. தலையை வாங்குற அதிகாரம் இந்த ஆளுக்குக் கெடையாது. பெருநகர் மேல்கச்சேரியில மறுபடி கேப்பாங்க. அங்க இல்லைன்னு சொல்லு. வெரலாவது மிஞ்சும்.”

“பொய்யை எப்படிக்கா சொல்றது?”

“நாளைக்கு உனக்கே தெரியும், எப்படிச் சொல்றதுன்னு.”

காவல்காரிகள் எல்லோரும் சொல்கிற புத்திமதிதான் அது. சாய்யுன் மறுநாள் ஆமாம் என்றாள். அக்காதான் அவளைப் பெருநகருக்கு நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே இல்லை என்றாள். மேலதிகாரி தலைகூட நிமிரவில்லையாம். “பேச்சு மாத்துறா. விசாரிச்சவரே திரும்ப விசாரிக்கட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பவும் சியாவ், திரும்பவும் கிட்டி. காய்ச்சல் கண்டு பின்னறையிலேயே செத்தாள். கடைசிவரை வீங்கிய விரல்களை உஃப் உஃப் என்று ஊதிக்கொண்டே இருந்தாள்.

“நீ சொன்ன மாதிரிதானேக்கா சொன்னேன்?” என்று கேட்டாளாம்.

அதற்குப் பிறகு அந்த அறை காலியாக இருந்ததே இல்லை. பட்டப்பகலில், வெயில் சுவரில் அடிக்கும்போது, உஃப் உஃப் என்று சத்தம் வரும். நானே கேட்டிருக்கிறேன். அக்காவின் குரல் சுருங்கிப்போயிற்று. யாரையும் திட்டுவதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பூசாரி வந்து பார்த்துவிட்டு, “இது பிராது இருக்கிற ஆவி, வெரட்டினாலும் போகாது. கோட்டைச்சாமிகிட்ட எழுதிக் கொடு” என்றார். உயிரோடிருப்பவர்களுக்குக் கச்சேரி அதிகாரி எப்படியோ, செத்தவர்களுக்குக் கோட்டைச்சாமி அப்படி. அதே பதவி, அதே தொப்பி, அதே எல்லை. சியாவ் அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை அக்கா காத்திருந்தாள். ஊரே குடை பிடித்து, பட்டாசு வெடித்து, அழுது வழியனுப்பியது. அன்றைக்கே அவர்மேல் பிராது எழுதிச் சாமி முன்னால் எரித்தாள்.

பதில் வரும் என்று இருந்தாள். அடுத்த வருடம் வேறொரு செய்தி வந்தது. சியாவ் அதிகாரி தெற்கே விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டார். திருவிழாவில் சாமியாடி வடக்கத்திப் பேச்சில் உறுமினான்: பழைய கோட்டைச்சாமிக்கு மாற்றல், சியாவையே இந்த வட்டத்துக்குக் கோட்டைச்சாமியாக வானம் நியமித்திருக்கிறது! நேர்மையாக வாழ்ந்த அதிகாரிக்கு இப்படி நியமனம் வருவது உண்டுதான். ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிலைக்கு அவர் மீசையை வைத்தார்கள். என் கடையில் அன்றைக்குக் கஞ்சி மிஞ்சவில்லை.

அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“தம்பி, என் பிராது இப்ப யாரு மேசையில கெடக்கு?”

“பெருநகர்ல மேல்சாமி இருக்காரேக்கா, இவருக்கு மேலதிகாரி. அங்க போகட்டும்.”

“இவ இந்த வட்டத்துல செத்தவடா. எல்லை தாண்ட ஆவிக்கு வழிச்சீட்டு வேணும். அதுல முத்திரை குத்துறது யாரு?”

சுவருக்கு அந்தப் பக்கம் உஃப் என்றது.

சில நாள் அக்கா வெளியே வரவே இல்லை. போய்விட்டாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு காலையில் பார்த்தால், காவல்காரியின் கறுப்புச் சட்டை, இடுப்பில் பித்தளை வில்லை, கையில் கைதியைக் கட்டுகிற கயிறு. கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது.

“எங்க போறேக்கா?”

“கைதிக்கு எதுக்குடா வழிச்சீட்டு? காவல்காரி கூட இருந்தா போதும். இத்தனை வருஷம் இந்த வேலை பாத்துட்டு, இது என் மண்டைக்கு இப்பத்தான் எட்டுது பாரு.”

“உத்தரவு யாரு போட்டது?”

“கைதி மேல்முறையீடு கேக்குறா. கூட்டிட்டுப் போறது என் வேலை. நீ உன் கஞ்சியைக் கிண்டு.”

வெகுநாள் கழித்து அவள் திட்டியதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. “அங்க போய் என்ன சொல்லுவே?”

“மீன்தான் கொன்னுச்சுன்னு சொல்லுவேன். பொய் சொல்லச் சொன்னவ நான்தான்னும் சொல்லுவேன். சாட்சி இல்லாமத்தானே அவ செத்தா?”

“அக்கா, அது செத்தவங்க கச்சேரி. சாட்சியை விடமாட்டாங்க.”

“தெரியும்டா” என்றாள். பிறகு காலியாகக் கிடந்த கயிற்று முனைப் பக்கம் திரும்பி, “நடடி” என்றாள். கோட்டைவாசல் காவலர்கள் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தார்கள். கயிறு தரையில் படாமல் போனதை அவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்றிலிருந்து பின்னறையில் சத்தமே இல்லை. பெருநகரிலிருந்து வந்த உப்புச் சுமைகாரன்தான் மீதியைச் சொன்னான். மேல்சாமி முன்னால் அக்கா மண்டியிட்டாளாம். பேரும் ஊரும் சத்தமாகச் சொல்லி, “மீன்தான் ஐயா கொன்னது, நான் சாட்சி” என்றாளாம். நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

கிழவி செத்துப்போனாள் என்கிறது ஊர். பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்கிறேன் நான்.