சேலைக்குள் ஒரு சூட்

எனக்குத் தாவணி போட்ட அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. எட்டாம் வகுப்பு. பிறகு கல்யாணம், டெல்லி, கிட்வாய் நகரில் கணவரின் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். எழுபதுகளின் கடைசியில், சின்னவளும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், ஓக்லாவில் ஏற்றுமதித் துணி தைக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மூன்றாம் வாரம் என் முந்தானை மோட்டார் மிஷினின் பெல்ட்டில் சிக்கியது. ஓடிவந்து சுவிட்சை அணைத்த மாஸ்டர் கத்தவில்லை. நாளையிலிருந்து சூட் போட்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். சூட் என்றால் அங்கே சல்வார் கமீஸ்.

வேலையை விட மனம் இல்லை. நாள் முழுவதும் எதற்காவது கவலைப்படுகிறவள் நான். மிஷின் ஓடும்போது மட்டும் கவலை நின்றது. ஆனால் படியிறங்கினால் பால் பூத், பூத்தில் எதிர்வீட்டு மாமி. அவர் வாயில் விழுந்தது சாயங்காலத்துக்குள் கோல் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்கள் வரை போய்விடும்.

கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடக்கவில்லை.

"போட்டுக்கோயேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பொம்பளைங்க அதான் போட்டுட்டு வர்றாங்க."

"அவங்க பஞ்சாபிங்க."

"மிஷினுக்குத் தெரியுமா அது?"

கடைசியில் ஒரு வழி செய்தேன். சூட்டைப் போட்டு அதன் மேல் சேலையைச் சுற்றி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டிசம்பர் மாதம், யார் எத்தனை துணி போட்டிருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. கூடத்துக் கழிவறையில் சேலையை உருவிப் பையில் வைப்பேன், மாலையில் மறுபடி சுற்றுவேன். துப்பட்டா எப்படிப் போடுவது என்று யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தபடி ஒரு முனையை இடுப்பில் ஊக்கால் குத்தி, மறுமுனையை இடது தோளில் போட்டுக்கொண்டேன். பக்கத்து மிஷின்காரி, "யே க்யா ஹை, பெஹன்ஜி?", இது என்ன அக்கா, என்று சிரித்தாள். மாஸ்டர் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த மிஷினுக்கு நகர்ந்தார். எதுவும் தொங்கவில்லை, அது போதும் அவருக்கு.

ஸ்வெட்டர் மார்ச்சில் போனது. மே மாதம் ஒரு மாலை, கழிவறையில் சேலையைச் சுற்றும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வியர்வையில் கமீஸ் உடம்போடு ஒட்டியிருந்தது. சேலையைப் பைக்குள் திணித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். வழியெல்லாம் மாமிக்குச் சொல்லவேண்டிய பதில்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஏழெட்டு தேறியிருக்கும்.

பால் வரிசையில் மாமி நின்றுகொண்டிருந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி இது, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா? தாவணி ஜோரா இருக்கே!"

"இல்ல மாமி, மிஷின்ல சிக்குதுன்னு மாஸ்டர்..."

"சரி சரி, வரிசை நகர்றது பாரு. டோக்கனை எடு."

அவ்வளவுதான். மீதிப் பதில்கள் தேவைப்படவில்லை.

மறுநாள் சூட்டிலேயே படியிறங்கினேன். ஊக்கை மட்டும் எடுக்கவில்லை. பையில் சேலையும் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று. ஜூலை மழையில் பை நனைந்து, சேலையில் பூஞ்சை பிடித்த பிறகுதான் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.