ஆறரை மணி மீட்டிங்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன டிசம்பரில், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை வைஜெயந்திக்கு நடந்தது இது. ஒரு சொல் கூட்டவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கி வேலை பார்க்கலாம் என்று மதுரையிலிருந்து கிளம்பியவள் அவள். கம்பெனி ஜெர்மனியில். கொழும்பில் ஒரு மாதம், பாலியில் இரண்டு மாதம். கடலைப் பார்த்தபடி வேலை செய்யலாம் என்று நினைத்தாள். பார்த்ததெல்லாம் நெட் சிக்னலைத்தான். பாம்பூஃப்ளாட்டில் அப்ஸானா என்பவர் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தபோது உடம்பில் கொஞ்சம்கூடத் தெம்பு இல்லை.

அன்று ஆறரை மணி மீட்டிங்கில் அவள்தான் பேச வேண்டும். ஏற்கெனவே இரண்டு மீட்டிங்கைத் தவறவிட்டிருந்தாள். மூன்றாவதும் போனால் வேலை போய்விடும் என்று டீம் லீடர் ரவிக்குமார் சொல்லியிருந்தார்.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. 5.50-க்கு லேப்டாப்பை மூடினாள். பத்து நிமிடம்தான் என்று கட்டிலில் சாய்ந்தாள்.

டக்... டக் டக்... டக்...

கீபோர்டு சத்தம். கனவென்று புரண்டு படுத்தாள்.

சத்தம் நின்றது.

கண் விழித்தாள். மணி 7.22.

பதறி எழுந்தாள். மூடி வைத்த லேப்டாப் திறந்திருந்தது. நாற்காலியைத் தொட்டாள். சூடாக இருந்தது.

கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே...

ரவிக்குமாரை அழைத்தாள். "சாரி சார், தூங்கிட்டேன்..."

"விளையாடுறியா? இவ்வளவு நேரம் நீதானே பேசின? வீடியோ கலங்கல், குரல் கம்மல். மத்தபடி நல்லா பண்ணின. ரெக்கார்டிங் அனுப்புறேன், பாரு."

பார்த்தாள்.

ஐம்பதாவது நிமிடம். எல்லோரும் பை சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் படம் தெளிந்தது.

அது அவள் முகம் இல்லை.

அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். பின்னால் கட்டில். கட்டிலில் வைஜெயந்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கட்டும்... பாவம்."

அவ்வளவுதான்.

வைஜெயந்தி கீழே ஓடினாள். வீடியோவைப் பார்த்த அப்ஸானா வாயைப் பொத்திக்கொண்டார். இரவு முழுக்கத் தன் பக்கத்திலேயே அவளைப் படுக்க வைத்துக்கொண்டார்.

காலையில் படகுத்துறையில் ஃபெர்ரிக்கு நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"அவ பேரு சித்ரா. மெயின்லேண்ட் பொண்ணு. மூணு வருஷம் முந்தி அதே ரூம்ல இருந்தா. உன்ன மாதிரிதான் லேப்டாப் வேலை. நாலு நாளா தபியத் சரியில்லை, நல்ல காய்ச்சல். லீவு கேக்கப் பயந்துக்கிட்டு எங்ககிட்டகூடச் சொல்லலை. டேபிள்ல தலையச் சாய்ச்ச வாக்குலயே போயிட்டா."

"எப்படி... தெரிஞ்சுது அக்கா?"

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டுக் கதவை உடைச்சோம். மீட்டிங் அப்பவும் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. 'சித்ரா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு'ன்னு யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."