ஆறு பங்கான நாவல்

சித்தூரில் எங்கள் தமிழ்ச் சபையின் புத்தக பீரோ, ஓசை போன ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் சாவி ஜெயகுமாரி அக்காவின் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு உரசிக்கொண்டு தொங்கும். அக்கா மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். பெல்ட்டில் ஓடி வரும் பழங்களில் அழுகியதைப் பொறுக்கிப் போடும் வேலை. மாம்பழம் நின்றால் வேலையும் நின்றுவிடும். அதன்பிறகு அடுத்த சீசன்வரை அவருக்கென்று இருப்பது அந்தச் சாவி மட்டும்தான்.

ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் வாசலில் நின்று பேசுவார்கள். நான் ஹாலைக் கூட்டுவேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் பீரோவுக்கு வருவார்கள். பத்தாவது, அதற்கு மேல் இன்டர் என்கிற பிளஸ் டூ படிக்கிறவர்கள். வெளியே படிப்பெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்துக் கற்றவர்கள். அதனால் நாவலில் ஒருவன் இன்னொருவனை ‘வா’ என்று கூப்பிட்டால், ‘வாரும்’ என்று ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள்.

என்ன புத்தகம் வேண்டும் என்று அக்கா கேட்கமாட்டார். வீட்டில் உன்னை யார் மாதிரி என்று சொல்கிறார்கள் என்பார். சித்தப்பா மாதிரி சோம்பேறி என்று ஒருத்தன் சொன்னால் அதற்கு ஒரு நாவல். அத்தை மாதிரி வாயாடி என்றால் வேறொன்று. யார் மாதிரியும் இல்லை என்று சொன்னவனுக்கு இரண்டு கொடுத்தார்.

எப்சிபா சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “வேலூரு போனா தெலுங்குக்காரிங்கறாங்க. காலேஜ்ல அரவப் பொண்ணுங்கறாங்க. வூட்ல மட்டும்தான் ஒண்ணும் சொல்றதில்ல.” அரவம் என்பது தெலுங்குக்காரர்கள் தமிழுக்கு வைத்த பேர்.

அக்கா அவளுக்கு எடுத்துக் கொடுத்த நாவலில் ஒரு ஆறு வருகிறது. இந்தக் கரைக்காரர்கள் கையில் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும், அந்தக் கரைக்காரர்கள் நீலம். பாலத்தின்மேல் பிறந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் என்ன கயிறு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

எப்சிபாவின் நைனா ஆண்ட்ரூ. டயர் கடை வைத்திருக்கிறார், சபையின் பொருளாளர். ராத்திரி சாப்பாட்டில் மகள் அவரிடம், நாம் எந்தக் கரை என்று கேட்டிருக்கிறாள். ஆற்றில் தண்ணீரே இல்லை, கரை என்ன கரை என்று அவர் அதட்டியிருக்கிறார். பதில் வரும்வரை சாப்பிடமாட்டேன் என்று அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். அடுத்த ஞாயிறு விஷயம் கமிட்டிக்கு வந்தது. புத்தகத்தில் தப்பு இருந்தால் அக்கா சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

செயலாளர் தேவானந்தம் ஐயா பஸ் டிப்போவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்றார். இருப்பதோ ஒரு பிரதி, கமிட்டியில் ஆறு பேர். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருநாள் முழு வேதாகமத்தையும் குடும்பம் குடும்பமாகப் பங்கு போட்டு, சாயங்காலத்துக்குள் வாசித்து முடித்துவிடுவோம். அது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. லேவியராகமம் வருஷா வருஷம் ஆண்ட்ரூ வீட்டுக்கே விழும். அந்த முறைப்படியே செய்யலாம் என்று ஐயா சொன்னார். பிளேடு வந்தது. நாவல் ஆறு துண்டானது. முதல் துண்டு ஆண்ட்ரூவுக்குப் போனது. அக்கா சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் டீ கொண்டுபோனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. படகுக்காரன் நல்லவன் என்றார் ஒருவர். அவன் திருடன் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், அவன் செத்து அடக்கமும் ஆகிவிட்டான், செத்தவனைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார். ஐயாவின் துண்டில் ஊர்க் கமிட்டி விடியவிடியக் கூடி, கயிற்றின் நிறத்தைப் பற்றிப் பேசி, டீ குடித்துவிட்டு எதையும் முடிவு செய்யாமல் கலைகிறதாம். “இது நம்மளத்தான் எழுதிக்கினு கீறான். சாவிய வாங்கிட வேண்டியதுதான்” என்றார். எல்லோரும் டீ குடித்தார்கள். எதுவும் முடிவாகவில்லை.

ஆண்ட்ரூ போகும்போது பக்கத்திலிருந்தவரின் காதோரம் குனிந்தார். “அண்ணே, ஒன் துண்டக் குடு. அந்தப் பொண்ணு பாலத்த உட்டு எறங்கறாளா இல்லியா?”

அதன்பிறகு துண்டுகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. விசாரணையில் இருக்கும் புத்தகத்தைக் கொடுக்கக்கூடாது என்றுதான் உத்தரவு. துண்டைப் பற்றி உத்தரவு இல்லை. பிள்ளைகள் நான்காவதை முதலில் படித்தார்கள், இரண்டாவதைக் கடைசியில். பிரித்திகா என்ற பெண் திருப்பதி பஸ்ஸில் ஐந்தாவதைப் படித்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டாள்.

தேவானந்தம் ஐயா விடவில்லை. தீர்ப்பு நாள் குறித்து எல்லாத் துண்டையும் திரும்ப வரவழைத்தார். அதை வாங்கி அடுக்கியது ஜெயகுமாரி அக்கா. நான் அவர் பின்னால் துடைப்பத்தோடு இருந்தேன். முதல் தாளை அவர் உருவித் தன் வேதாகம உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தத் தாளில் அச்சகத்தின் விலாசம் தவிர ஒன்றுமில்லை.

ஐயா டிப்போ பழக்கத்தில் எச்சில் தொட்டு எண்ணினார். முதல் தாள் இல்லை.

“மொதல் தாளு இல்லாம ஆதியாகமம் உண்டா? முழுசா இல்லாததுக்கு எப்டித் தீர்ப்பு சொல்றது?” என்றார். பிறகு ஆண்ட்ரூவிடம் திரும்பி, முதல் துண்டு உன்னிடம்தானே இருந்தது, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்டார்.

ஆண்ட்ரூ அக்காவைப் பார்த்தார். கடைசித் துண்டு மட்டும் இன்னும் ஆண்ட்ரூ கைக்கு வந்திருக்கவில்லை.

“ரொம்ப முக்கியமான வெசயம் ஐயா. அது இல்லாம ஒண்ணுமே பிரியாது.”

தாள் கிடைக்கும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை சாவி அக்காவிடமே இருக்கலாம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்த பிறகு, காணாமல்போன தாளை வைத்திருப்பவர்கள் மனசாட்சியோடு ஒப்படைக்கும்படி ஐயா அறிவிக்கிறார். ஆமென் என்று முதலில் சொல்வது ஜெயகுமாரி அக்கா. அடுத்தது ஆண்ட்ரூ.