பத்தொன்பது பூட்டுக்கு ஒரே சாவி

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர் ஆள்' என்று பெயர். பார்ப்பது என்னவோ கிளமெண்டியில் ஒரு கட்டடத்தில் ஏர்கான் சர்வீசுக்கு அட்டவணை போடும் வேலை. ஆனாலும் யார் புது ஃபோன் வாங்கினாலும் பெட்டியைப் பிரிப்பதற்குள் எனக்கு அழைப்பு வந்துவிடும். போவேன். டீ வரும், வடை வரும். வடை ஆறுவதற்குள் கணக்குகளைத் திறந்து கொடுத்துவிடுவேன். "பாஸ்வேர்டு?" என்று கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்பேன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: முருகன் பெயர், பக்கத்தில் நூற்றெட்டு. எல்லாருக்கும் அதே. எனக்கும் அதே. சாமியும் இருக்கிறார், ராசியான எண்ணும் இருக்கிறது, இதைத் தாண்டி எந்தத் திருடன் வருவான்? இதே பாஸ்வேர்டை வைத்திருக்கும் தமிழர்களைத் திரட்டினால் இன்னொரு தைப்பூச ஊர்வலமே விடலாம் என்பது திருடர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

தேக்கா சந்தைப் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கும், என் மின்னஞ்சலை வைத்தே, இணையத்தில் கடைப் பக்கம் திறந்து கொடுத்தவன் நான்தான். உறவு இல்லை, வெள்ளிக்கிழமை தோறும் பூ வாங்கி வந்த பழக்கம். கல்யாண மாலை கட்டி முடித்ததும் அக்கா தானே படம் பிடித்து, தானே போடுவார். "அறுபது வயசுல நானும் போஸ்ட் போடுறேன் பாரு தம்பி!" ஆர்டரும் வந்தது.

ஒருநாள் மாலைகள் எல்லாம் காணாமல் போய், பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி விளம்பரம். அக்கா பதறிக் கூப்பிட்டார். போய், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தேன்.

"அக்கா, ஏதாச்சும் லிங்க்கை அமுக்கிட்டீங்களா?"

"இல்லையே தம்பி."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

அப்படிக் கேட்டால் யாருக்குமே ஒரு குற்றம் ஞாபகம் வந்துவிடும். "போன வாரம் யாரோ குட்மார்னிங் படம் அனுப்புனாங்க... அதைத் தொட்டேன்."

"அதான்!" என்றேன். தீர்ப்பு முடிந்தது.

பக்கத்தில் நின்ற மகள் பிடித்துக்கொண்டாள். "எத்தனை தடவைம்மா சொல்றது? கண்டதையும் அமுக்காதீங்கன்னு! இனிமே ஃபோன் என்கிட்டயே இருக்கட்டும் லா." அக்கா ஃபோனைக் கொடுத்துவிட்டு நாரைக் கையில் எடுத்தார். நான் அறிவுரையும் கொடுத்து, இலவச மல்லிகையும் வாங்கிக்கொண்டு ஆங் மோ கியோ வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் எங்கள் எல்லாரையும் பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலி, வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க முடியுமா? மூன்று வார இறுதிகள் வீடியோவாகப் பார்த்தேன். ஒன்று இலவசம், ஆனால் ஒரே கருவியில்தான் ஓடும். ஒன்றுக்கு வருடச் சந்தா. இன்னொன்றின் பூட்டுப் படமே எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, பொண்ணா பாக்குறீங்க? ஏதாவது ஒண்ணைப் போடுங்க லா" என்றான் உடன் வேலை செய்பவன். மனைவிக்கு வேறு மனக்குறை: "என்னைப் பாக்க வந்தப்ப பத்து நிமிஷத்துல சரின்னுட்டீங்களே."

கடைசியில் ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் ஃபோன் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் அது உள்ளே இழுத்தது. உடனே சிவப்பு எழுத்து: ஒரே பாஸ்வேர்டு, பத்தொன்பது இடங்களில். அதன் கீழே, இது ஏற்கெனவே வெளியே கசிந்துவிட்டது. எங்கிருந்து? தள்ளுபடி என்று நான் செருப்பு வாங்கிய ஏதோ ஒரு தளத்திலிருந்து. எப்போது? அக்காவின் குட்மார்னிங் படத்துக்கு நான்கு மாதம் முன்பு.

பட்டியலில் ஏழாவது வரி, பூக்கடை.

பதினெட்டை அன்றே மாற்றினேன். ஏழாவது வரிதான் எப்போதோ திருடன் கைக்குப் போய்விட்டதே; அதில் மாற்ற ஒன்றும் இல்லை, அக்காவிடம் சொல்லத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வேறு கடையில் பூ வாங்கினேன். அக்காவின் கண்ணில் படாமல் இருக்க எதிர்ச்சாரியில், பைக்குள் எதையோ தேடுகிறவன் போல நடந்தேன். வீட்டில் மனைவி பூவை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

"தப்பு உங்களுது, திட்டு அவங்களுக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நார் முடிந்துகொண்டிருந்த கை நின்றது.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லக்கா."

"அந்தக் குட்மார்னிங்?"

"அது வெறும் குட்மார்னிங்தான்கா."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். "இங்க வா. தம்பி ஏதோ சொல்லணுமாம்."

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன், செருப்பு உட்பட. பூ வாங்க வந்த மூன்று பேரும் நின்று கேட்டார்கள். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். தன் பையிலிருந்து அம்மாவின் ஃபோனை எடுத்து, வாழையிலை மேல், அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

"புதுப் பக்கம் திறந்து தர்றேன்கா. இந்த மேனேஜரையும் போட்டுத் தர்றேன். ஒரே ஒரு பாஸ்வேர்டு நீங்க ஞாபகம் வச்சாப் போதும்" என்றேன். எல்லாம் போட்டு முடித்து, அந்த ஒன்று கேட்கும் இடத்துக்கு வந்ததும் என் விரல் தானாக எழுத்துகள் மேல் போனது.

"கொடு இங்க. நான் போடுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

தொங்கும் ரோஜா மாலைகளைப் பார்த்தபடி திரும்பி நின்றேன். "என்னக்கா, தம்பிய முட்டி போட வைக்கலையா?" என்றார் மல்லிகைக்குக் காத்திருந்த ஒருவர்.

"இப்போதைக்கு நிக்கட்டும்" என்றார் அக்கா. பின்னால் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், விழுந்துகொண்டிருந்தது.