உசிரு பிடி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ர வரும், எந்த ன வரும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் சத்தத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நான் சொல்ல வருகிற பெரிய பிழை என் கையால் வந்ததில்லை. அது தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

பெங்களூருக்கு வந்த புதிதில் கன்னட வார்த்தைகளை ஒரு சின்ன நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். யாரிடமும் வாய் திறந்து கேட்கக் கூச்சம். அந்த நோட்டில் ‘பிடி’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே ‘விடு’ என்று எழுதியிருந்தேன். பஸ் என்று சொல்லும்போது ஒரு ப வருகிறதே, அந்தப் பவைப் போட்டுச் சொன்னால் கன்னடத்தில் விடுங்கள் என்று அர்த்தம். நமக்கு அந்தச் சத்தத்துக்குத் தனி எழுத்து இல்லை. அதனால் என் நோட்டில் விடுவதும் பிடிப்பதும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன. அதே பக்கத்தில் ‘உசிரு’ என்றும் இருந்தது. அவர்களுக்கு அது மூச்சு. நமக்கு உயிர்.

பீன்யாவில் இரும்பு வார்ப்புச் சாமான்களைச் சுத்தம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கிரைண்டரில் பிடித்துத் தேய்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கேன்டீனில் பெஞ்சுகளை ஒதுக்கி, கம்பியில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு டாக்டரை உட்கார வைப்பார்கள். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு நோயைவிடப் பெரிய பயம் அந்த வரிசைதான். கூச்சம் வந்துவிட்டால் தெரிந்த கன்னடமும் மறந்து, நான் இந்த ஊருக்கு நேற்று வந்தவனாகிவிடுவேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு அந்த மாதிரி நின்றபோது டாக்டர் குழாயை என் முதுகில் வைத்து, “உசிரு எள்கொளி” என்றார். மூச்சை இழுத்தேன். “பிடி” என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி பிடி என்றார். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பின்னால் நின்ற என் செக்‌ஷன்காரர், வேலூர்ப் பக்கத்து ஆள், பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இன்னாணா, இத்தினி வருசமா இங்கதான கீற? உசுர வுடச் சொல்றாரு. நீ இன்னாத்துக்கு கெட்டியா புச்சினு கீற?”

வரிசை முழுவதும் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டு, போதும் போ என்று கையைக் காட்டினார். ஃபாரத்தில் ‘ஃபிட்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

அன்றைக்கு அது நிஜமான தவறு. அடுத்த வருடத்திலிருந்து இல்லை.

ஏனென்றால் அந்த இடைவெளியில் எங்கள் செக்‌ஷனில் ஒருவருக்கு நெஞ்சில் தூசி சேர்ந்திருக்கிறது என்று தெரியவந்தது. அவரை ஒரு மாதம் கம்பெனி கேட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு காலையில் அவர் விரலை வைத்தபோது அட்டெண்டன்ஸ் மெஷின் எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நாங்கள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனோம். எனக்குக் கிரைண்டிங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. படித்தவனும் இல்லை, பேசத் தெரிந்தவனும் இல்லை.

அந்த வருடம்தான் எனக்கும் நெஞ்சில் விசில் வர ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வேன். ஒரு தலையணை இரண்டானது. இரண்டு போதாமல் மனைவி பழைய புடவையை மடித்து மேலே வைத்தாள். மட்டமாகப் படுத்தால் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், கம்பெனியிலேயே டாக்டர் வருகிறார், பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்பேன். டிக் அடித்த ஃபாரத்தைக்கூட ஒருமுறை காட்டினேன்.

மூச்சை விட்டால்தானே விசில் கேட்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் டாக்டர் பிடி என்றதும் நான் பிடித்துக்கொண்டேன். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்பார்கள். எந்த டாக்டரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. கூட இருக்கிறவர்களுக்கு அது வருடா வருடம் வரும் வேடிக்கை. “பிடி அண்ணன் உள்ள போறாருடா” என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒரு வருடம் பூராவும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வராது.

போன வருடம் வந்தது ஒரு பெண் டாக்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவசரமே இல்லை. முதலில் என் கைவிரல் நகங்களைப் பார்த்தார். கழுத்து நரம்பைப் பார்த்தார். பிறகு இடது கை நடுவிரலை என் முதுகில் பதித்து, வலது கை விரலால் அதன் மேல் தட்டிக்கொண்டே கீழே வந்தார்.

எனக்கு அந்தத் தட்டு தெரியும். புதுக் கிரைண்டிங் கல்லை மாட்டும் முன்னால் நாங்கள் அதை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிக் கேட்போம். நல்ல கல் மணி மாதிரி பேசும். உள்ளே கீறல் இருந்தால் டொக்கென்று நின்றுவிடும். அந்தக் கல்லை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அங்கேயே சுத்தியலால் உடைத்துப் போட வேண்டும். டாக்டர் தட்டத் தட்ட நான் என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே நன்றாக இருந்தது. இடுப்புக்கு நாலு விரல் மேலே வந்தபோது சத்தம் செத்துவிட்டது. இரண்டு பக்கமும். அவர் விரல் அங்கேயே நின்றது.

பிறகு குழாயை வைத்தார். “உசிரு எள்கொளி.” இழுத்தேன். “பிடி.” பிடித்தேன்.

வெளியே சிரிப்பு ஆரம்பித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குழாயை முதுகிலிருந்து எடுத்து, இடது மார்புக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். “ஹாகே இரி” என்றார். அப்படியே இருங்கள் என்று அர்த்தம்.

அதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. இப்போது நான் மூச்சை விட முடியாது, விட்டால் விசில். பிடித்துக்கொண்டும் இருக்க முடியாது. பெட்ஷீட்டில் பச்சைப் பூப் போட்டிருந்தது. ஒரு வரிசைக்கு ஏழு பூ. இரண்டாவது வரிசை எண்ணும்போது காதுக்குள் கிரைண்டர் ஓடுவது போல் இரைந்தது. மூன்றாவது வரிசையில் பூக்கள் கறுத்தன. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நுரையீரலை ஒளித்துவைத்து, சத்தமில்லாத அந்த இடைவெளியில், நானே அவருக்கு வேறொன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் எல்லாம் வெளியே வந்தது. இருமல், விசில், கண்ணில் தண்ணீர். பெட்ஷீட்டுக்கு வெளியே சத்தம் அடங்கிவிட்டது.

டாக்டர் என் சட்டையை எடுத்து என் தோளில் போட்டார். பிறகு தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“எத்தனை வருஷமா இப்படிப் பிடிச்சிக்கிட்டே இருக்கீங்க?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், வெளியே இருந்தவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். என்னைப் பெஞ்சில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இந்த முறை மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, அதற்கப்புறம் பிடிக்கச் சொன்னார். விட்டுவிட்டுப் பிடிப்பது என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குழாயை அழுத்தாமல், சும்மா தொட்டும் தொடாமலும் வைத்துக் கேட்டார். அப்புறம் குழாயைத் தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டிவிட்டார்.

மோட்டாரில் சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்போம். பேரிங் தேய்ந்திருந்தால் கரகரவென்று தெரிந்துவிடும். என் நெஞ்சுக்குள் முதலில் பலமாக ஒரு தட்டு. பிறகு இன்னொரு தட்டு. அதற்குப் பின்னால், தூரத்தில் நிற்கிற லாரியின் எஞ்சின் ஓடுவது போல ஓர் உருட்டல்.

“பேரிங் போன மாதிரி இருக்கு மேடம்” என்றேன். ஆறு வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் வரிசையாகக் கேள்வி கேட்டார். எத்தனை தலையணை என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா, ஒரு மூட்டு சரியானதும் அடுத்த மூட்டுக்குப் போனதா என்றும் கேட்டார்.

வீங்கியது. பத்து வயதில் முதலில் முட்டி, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. இரண்டு மாதம் எழுந்து நிற்க முடியவில்லை. எழுந்தபோது பள்ளியில் என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். குடும்பக் கஷ்டத்தால் படிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். முட்டி வலிக்காகப் படிப்பை விட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார் டாக்டர். கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டிருக்கிறது. விசில் அதனால்தான். தூசி இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், ஆனால் அவருக்குச் சந்தேகம் இதயத்தின் மேல்தான். ஆறு வருடம் நான் ஒளித்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று.

ஃபாரத்தில் டிக் அடிக்காமல் பேனாவை மூடினார். எக்கோ என்று இதயத்துக்கு ஒரு ஸ்கேன், அதை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் எழுதுவேன் என்றார். எனக்கு வேலை போய்விடும் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“சொல்ல வரலைன்னா எழுதிட்டு வாங்க. என்னைக்கு ஆரம்பிச்சது, எங்கெங்க நின்னீங்க, எல்லாம். தப்பா எழுதினாலும் பரவால்ல, நான் படிச்சிக்கிறேன்.”

அன்று மாலை மாடி ஏறும்போது இரண்டாவது திருப்பத்தில் செருப்பைத் தொடாமல் சும்மா நின்றேன். மனைவி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். அங்கேயே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இறங்கி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். “அந்த ஃபாரத்த காட்டி காட்டி என்னையும் ஏமாத்துனீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று எக்கோவுக்குச் சீட்டு வாங்கினாள்.

எக்கோ அறையில் குளிர்ந்த பசையைத் தடவிப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் திரையில் என் கதவு தெரிந்தது. துருப்பிடித்த ஷட்டர் மாதிரி பாதியில் தூக்கித் தூக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும் அந்தப் பவைப் போட்டு அவர்கள் பிடி என்றபோது நான் விட்டேன்.

எக்ஸ்ரேயில் தூசி இல்லை என்றார்கள். தொடை வழியாக ஒயரைவிட்டு, பலூனை ஊதிக் கதவை விரிப்பார்களாம். நாள் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் ஃபாரத்தில் ஃபிட், அன்ஃபிட் இரண்டு கட்டத்திலும் டிக் அடிக்காமல், சிகிச்சைக்குப் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கவும் என்று எழுதியிருக்கிறார். கம்பெனியில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அப்புறம் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. வெளியே வரும்போது விரலை வைத்துப் பார்த்தேன். மெஷின் எடுத்தது. நாளைக்கும் எடுக்குமா தெரியாது.

எக்கோ ரிப்போர்ட்டோடு போனபோது டாக்டருக்கு அரைப் பக்கம்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது முழுவதும் இதுதான். நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறேன். ஜன்னல் பக்கத்தில் மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு, வேறு வேலை இல்லாமல் எழுதி முடித்துவிட்டேன். எங்கேயும் மூச்சைப் பிடிக்காமல் எழுதினேன் என்று சொன்னால் பொய். மெஷின் எடுக்காத அந்த மனிதரைத் தாண்டிப் போனதை எழுதும்போது பிடித்தேன். பிறகு விட்டேன்.

மார்ச் 14, சனிக்கிழமை.