சுடாத ஒத்தடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில் நடந்தது இது. நான் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஜமுனாமரத்தூருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு.

சந்தைக்கு முதல் நாள் வந்து இறங்கிய வெல்ல மூட்டையை வாசலில் இருந்து உள்ளே இழுக்கப் போனேன். குனிந்து, மூட்டையின் காதைப் பிடித்து ஒரு இழுதான் இழுத்திருப்பேன். இடுப்புக்குள் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. அப்படியே மூட்டை மேலேயே கவிழ்ந்துவிட்டேன். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள்தான் தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

அன்றிலிருந்து வலி இடுப்போடு நிற்கவில்லை. தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வரை சுண்டி இழுத்தது. தும்மல் வந்தால் பயந்து மூக்கைப் பிடித்துக்கொள்வேன்.

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நொச்சி இலையை வேகவைத்துக் கட்டினோம். வேப்பெண்ணெயைச் சுட வைத்துத் தடவினோம். கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பலகை போட்டுப் படுத்தேன். கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் இடுப்பைக் காலால் நீவினால் பிடிப்பு விட்டுவிடும் என்று, நெல்லிவாசலிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் என்னைவிட அதிகம் கூச்சப்பட்டார். கட்டைவிரலால் பட்டும் படாமலும் தடவிவிட்டு, "சரியாப் பூடும்மா" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

இத்தனையிலும் எனக்குக் கொஞ்சமாவது சுகம் தந்தது பக்கத்து வீட்டு அக்கா வைத்த உப்பு ஒத்தடம்தான். அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சாமை விதைப்பார், புளி உலுக்குவார், எங்கள் கடையில்தான் புளியை விலைக்குப் போடுவார். கொல்லைக்காட்டு வேலைக்குப் போவதற்கு முன்னால் தினமும் காலையில் வந்துவிடுவார். இரும்புச் சட்டியில் கல் உப்பை வறுத்து, பழந்துணியில் மூட்டையாகக் கட்டி, முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் மேல் வைப்பார். இடுப்பில் தொடங்கி, வலி போகும் வழியெல்லாம் ஒற்றிக்கொண்டே வருவார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரமாவது கண்ணயர்வேன்.

மலை இறங்கி டாக்டரைப் பார்க்கலாம் என்று கணவர் தினமும் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த பஸ் குலுங்குகிற குலுக்கல் எனக்குத் தெரியும். "உட்காரவே முடியல, பஸ்ல எப்படிங்க வர்றது?" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கண் விழித்தேன். வலி இல்லை.

கொஞ்சம் குறைந்தது என்றில்லை. துளிகூட இல்லை. நம்ப முடியாமல் தும்முவது போல ஒரு முறை செருமிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அவர் காலண்டரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

கால்கள் மரக்கட்டை மாதிரி கனத்தன. இத்தனை நாள் படுத்தே கிடந்ததால் மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. முதல் நாள் மத்தியானத்தில் இருந்து எனக்குச் சிறுநீர் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. எழுந்து போகிற அவஸ்தை மிச்சம் என்று உள்ளூர சந்தோஷப்பட்டேனே தவிர, யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது!

அக்கா வந்தார். சேதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா, உப்பு இழுத்துடுச்சு. இன்னிக்கு ஒரு நா கடைசியா வச்சுடலாம். அடியில இருக்கறதும் போய்டும்."

என்னைக் குப்புறப் படுக்க வைத்து, தொடையின் பின்பக்கம் மூட்டையை வைத்தார்.

"இன்னாம்மா, சூடு தாங்குதா?"

"சூடே இல்லயேக்கா. ஆறிப் போன மாரி இருக்குது."

"இப்பத்தான வறுத்தேன்?" என்று எழுந்து போய் மறுபடி அடுப்பில் சட்டியை வைத்தார். திரும்பி வந்து ஒற்றினார். மறுபடியும் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா அழுத்தியே வைங்கக்கா."

அவர் மூட்டையை என் தொடை மேலேயே விட்டுவிட்டு, அந்த வருஷம் புளி காய்ப்பு எப்படி என்று பேச ஆரம்பித்தார். நானும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலியில்லாமல் பேசவே எவ்வளவு சுகமாக இருந்தது! நடுவில் எனக்கு ஒரு வாடை வந்தது. துணி பொசுங்குகிறதோ என்று அடுப்புப் பக்கம் பார்த்தேன். அக்காவும் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து என் மேல் இருந்த மூட்டையை எடுத்தார்.

அவர் போட்ட அலறலை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

மூட்டையோடு ஒட்டிக்கொண்டு என் தோல் வந்திருந்தது. வைத்த இடம் பூராவும் கொப்புளமும் சிவந்த சதையுமாக இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை. "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

கணவர் கடையிலிருந்து ஓடிவந்தார். பார்த்ததும் அவருக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க! கண்ணு தெரீல உனக்கு?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். அக்கா அந்த மூட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதைக் கீழே போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அவங்கள ஏன் திட்டறீங்க? எனக்கு ஒண்ணும் வலிக்கலயே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறைத்தது. அக்கா மெதுவாக உட்கார்ந்து என் காலைக் கிள்ளினார்.

"இது தெரீதா?"

"எது?"

அவர் என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, மொதல்ல பஸ்ஸுக்குத் தூக்குங்க. இது வேற என்னமோ."

கடையை மூடுவதற்கு வரிசையாகச் செருகுவோமே, அந்தப் பலகைகளில் இரண்டைச் சேர்த்துக் கட்டி, என்னைக் குப்புறப் போட்டுத் தூக்கினார்கள். ஒரு முனையை அக்காதான் பிடித்தார். பஸ்ஸில் ஏகப்பட்ட கூட்டம். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். நடுவில் இருந்த புளி மூட்டைகளைச் சமமாக அடுக்கச் சொல்லி, அதன் மேல் பலகையை வைக்கச் சொன்னார். "வளைவு வர்றப்ப இரண்டு பக்கமும் ஆளுங்க பலகைய பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். பெயர்கூடத் தெரியாத மனிதர்கள் மலை இறங்கும் வரை அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை.

பாதி வழியில் ஒரு பெண் பதறி, "ஐயோ, உன் கால் மேல என் கூடை இருக்குதும்மா, சொல்லக் கூடாதா?" என்று எடுத்தாள். பலாப்பழக் கூடை. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அப்போதுதான் நான் அழ ஆரம்பித்தேன்.

போளூரில் ஒரு வேன் பிடித்து வேலூருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். தீப்புண்ணைப் பார்த்துவிட்டு, "ஊசியால லேசா குத்துவேன். எங்க குத்தறேன்னு சொல்லுங்க" என்றார். நான் காத்திருந்தேன். வெகுநேரம் ஆகியும் அவர் தொடங்கவில்லை.

"எப்ப குத்துவீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். டாக்டர் குத்தி முடித்திருந்தார்.

கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தேன் என்று அடுத்த கேள்வி. சொன்னதும் அந்த அறையில் எல்லோரும் வேகமாகிவிட்டார்கள். ரப்பர் குழாய் போட்டதும் பாத்திரம் நிறைந்தது. அது நிறைந்ததும் எனக்குத் தெரியவில்லை. முதுகில் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்கும் சிறுநீர்ப் பைக்கும் போகிற நரம்புகளை மொத்தமாக நசுக்கிவிட்டதாம். வலி போனது குணமானதால் அல்ல. வலியைச் சொல்கிற நரம்பே அடங்கிப் போனதால்.

"இன்னும் தள்ளிப் போட்டிருந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவும் நடப்பீங்கன்னு உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது.

பிறகு கட்டிலில் கிடந்தபடி என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலை. அசை என்பேன், அசையாது. ஒரு நாள் நர்ஸ் தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, சுரீர் என்று என்னவோ செய்தது. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எரிச்சல்! "எரியுது சிஸ்டர், எரியுது!" என்று கத்தினேன். அந்தப் பெண் பயந்து கையை எடுத்துவிட்டாள். "எடுக்காதீங்க, இன்னொரு வாட்டி தொடுங்க" என்று கெஞ்சினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பியது. இடது பாதத்தில் மட்டும் இன்றைக்கும் பாதி உணர்வுதான்.

கோல் ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பிய அன்று ஊரே வந்து பார்த்தது. அக்கா வரவில்லை. என்னைச் சூடு வைத்துக் கொல்லப் பார்த்தவர் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு, புளியை வேறு கடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அக்கா, நீங்க சுட்டதாலதான் நான் நடக்கறேன்" என்றேன். "அந்தப் புண்ணு இல்லன்னா, வலி போச்சுன்னு சந்தோஷமா வூட்லயே படுத்துக் கிடந்திருப்பேன்."

கணவர், "மன்னிச்சுக்கோங்கக்கா, அன்னிக்கு வாய் தவறிப் போச்சு" என்றார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக அழுத்தி, "இது தெரீதா? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் "தெரீது" என்றேன். சுண்டு விரலுக்கும் அப்படியே சொன்னேன். அது மட்டும் பொய்.

இன்றைக்கும் குளிக்கும்போது தொடையில் அந்தத் தழும்பு கையில் தட்டுப்படும். யாராவது என்னிடம் வந்து, இத்தனை நாள் படுத்திய இடுப்பு வலி ஒரே ராத்திரியில் மாயமாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னால், எனக்குப் பகீர் என்கிறது. சிறுநீர் சரியாகப் போகிறதா, கிள்ளினால் தெரிகிறதா என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டுத்தான் அவர்களை நான் உட்காரவே சொல்கிறேன்.