சுற்றாத எலக்ட்ரான்

பள்ளியின் வலைத்தளம் அவரைப் ‘பொறுமையே உருவான இயற்பியல் ஆசிரியை’ என்கிறது. யாரோ அணுக்கருவைச் சுற்றி வட்டம் போட்டதற்காக அந்தப் பொறுமை இப்போது டஸ்டரால் மேசையை அறைந்துகொண்டிருக்கிறது. “எலக்ட்ரான் என்ன செக்குமாடா, ஒரே தடத்துல சுத்திச் சுத்தி வர?” சாக்பீஸ் தூள் பறக்கிறது. முன்வரிசை பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பாய்லர் டீச்சர். அது அவருக்கும் தெரியும்; அதற்கும் கோபம் உண்டு.

திட்டி ஓய்ந்ததும் தரையில் வெள்ளைத் தாளை விரிப்பார், அதன்மேல் கார்பன் தாள். நடுவைக் குறிபார்த்துத் தோளுயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போட வேண்டும். வகுப்பே மாறி மாறிப் போட்ட பிறகு கார்பனை எடுத்தால், நடுவில் புள்ளிகள் மொய்த்திருக்கும். ஓரம் போகப்போக அருகியிருக்கும்.

“அடுத்த குண்டு எங்க விழும்னு எவனாலயும் சொல்ல முடியாது. எங்க மொய்க்கும்னு சொல்லலாம். எலக்ட்ரானும் அப்படித்தான்.”

“இது நாங்க குறி தப்புனதுதானே டீச்சர்?” என்று மடக்கினாள் ஒருத்தி.

“ஆமாடி, இதுவும் பொய்தான். ஆனா கொஞ்சம் யோக்கியமான பொய்.”

இதே வாய்தான் பரீட்சை நெருங்கினால், “புக்ல இருக்கற மாதிரி வட்டம் போட்டுத் தொலைங்க, மார்க் வேணும்ல?” என்று பல்லைக் கடிக்கும். அன்றைக்கு வீட்டில் அவர் கணவர் வாயைத் திறப்பதில்லை.

கண்காட்சிக்காகத் தலைமை ஆசிரியர் மோட்டாரில் ஓடும் ஓர் அணு மாதிரியை வாங்கிவந்தார். சுவிட்சைப் போட்டால் பித்தளை வளையங்களில் வண்ண விளக்குகள் சுற்றும். புள்ளித் தாள்களெல்லாம் மேசைக்கு அடியில் போயின. விளக்கம் சொல்ல நிறுத்தியது, மடக்கிய அதே பெண்ணை. மனப்பாடம் செய்ய ஒரு பத்தியும் கொடுத்தார்கள்.

“இவ ஒழுங்கா ஒப்பிச்சாத்தான் உங்க கோலி விளையாட்டுக்கு அடுத்த வருஷமும் பீரியட், டீச்சர்,” என்றார் தலைமை ஆசிரியர், சிரித்த முகத்துடன்.

சிறப்பு விருந்தினர் வந்தார். விளக்குகள் சுற்றின.

“எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில்...” என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். கண் டீச்சர் பக்கம் போயிற்று.

“என்னம்மா, மறந்துடுச்சா?” என்றார் விருந்தினர்.

“மறக்கல சார்,” என்றார் டீச்சர். “பொய் வரல அவளுக்கு. அதச் சொல்லச் சொல்லி நின்னுட்டிருக்கேன் பாருங்க, சொல்லிக்குடுத்தத நான்தான் மறந்துட்டேன்.”

தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

டீச்சர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். மேசைக்கடியிலிருந்து ஒரு தாளை இழுத்துத் தரையில் விரித்தார். விருந்தினரின் கையைப் பிடித்து அதில் ஒரு கோலிக்குண்டை வைத்தார்.